போருக்கு முந்தைய ஐந்து மாதங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்த தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். அந்தப் போரைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதப்படுவது அரிது; அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் சென்ற வாரப் பகுதியில் கடற்படைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரே ஒரு பத்தி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1861 ஏப்ரல் 12 அதிகாலையில், தென் கரோலினாவில் அமெரிக்க அரசுப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டையின்மீது முதல் குண்டு விழுந்தபோது கடற்படை திகைத்து நின்றது என்றும், தென் மாநிலங்களைச் சேர்ந்த அதிகாரிகள் ஒரே இரவில் அணி மாறிவிட்டார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இரண்டுமே பொருந்தாது. லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1860 நவம்பர் 6. தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது டிசம்பர் 20. போர் வருமா வராதா என்று எண்ணிப் பார்க்கவும், வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கவும், கையில் உள்ள கப்பலைப் பாதுகாப்பான துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவும் கடற்படை அதிகாரிகளுக்கு ஐந்து மாத அவகாசம் இருந்தது. அந்த ஐந்து மாதங்களில் யார் என்ன செய்தார்கள், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதைச் சொல்லாமல் அதற்குப் பிந்தைய நான்கு ஆண்டுக் கடற்போரை விளக்கவே முடியாது.

வணிகக் கப்பல்களின் என்ஜின் அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் முதல் சில ஆண்டுகள் நீராவிக் கப்பல்களில் கழிந்தன. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி அந்த அனுபவத்தோடு தொடர்புடையது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

போர் மூண்டபோது அமெரிக்கக் கடற்படையில் பணியில் இருந்த கப்பல்கள் 42. அவற்றுள் பெரும்பாலானவை மத்தியதரைக் கடல், ஆப்பிரிக்கக் கரை, கிழக்கு ஆசியா, பசிபிக் என்று சிதறிக் கிடந்தன. சொந்தக் கரையைக் காக்க வேண்டிய படைப்பிரிவில் இருந்தவை 12. அவற்றிலும் வட மாநிலத் துறைமுகங்களில் உடனடியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை நான்கு மட்டுமே. இந்த நான்கை வைத்துக்கொண்டுதான், ஏப்ரல் 19 அன்று, ஏறத்தாழ 3,500 மைல் நீளக் கடற்கரையை முற்றுகையிடப் போவதாக லிங்கன் அறிவித்தார். முந்தைய ஆட்சியில் கடற்படைச் செயலாளராக இருந்த ஐசக் டூசி அந்தக் குளிர்காலம் முழுவதும் கப்பல்களைத் திரும்ப அழைக்காமல் இருந்தது பற்றி அப்போதே கடும் குற்றச்சாட்டு எழுந்தது. அது சதியா, வெறும் தயக்கமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தூரதேசத்தில் நிற்கும் கப்பலுக்குக் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆன காலம் அது. அழைக்க வேண்டியவர் ஜனவரியில் அழைக்காவிட்டால் ஏப்ரலில் கப்பல் இருக்காது. இதில் பெரிய போர்த்தந்திரம் எதுவும் இல்லை.

முதல் சோதனை 1861 ஜனவரி 12 அன்று ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில் வந்தது. அங்கே தலைமை வகித்த கமடோர் (கடற்படையின் மூத்த அதிகாரி) ஜேம்ஸ் ஆம்ஸ்ட்ராங் முதியவர். அவருக்குக் கீழிருந்த முக்கிய அதிகாரிகள் சிலரின் மனம் ஏற்கெனவே எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது. இரண்டாம் நிலையில் இருந்த கமாண்டர் எபெனேசர் ஃபாரண்டே, தளத்தை ஒப்படைக்கும்படி கேட்டு வந்த மாநிலப் பிரதிநிதிகளைக் கமடோரிடம் அழைத்துப் போனார். ஒரு குண்டுகூட வெடிக்காமல் தளம் கைமாறியது. கொடியை இறக்கும்படி லெப்டினன்ட் ரென்ஷா இட்ட உத்தரவை வில்லியம் கான்வே என்ற வயதான மாலுமி ஏற்க மறுத்துவிட்டார். அந்தக் கொடியின்கீழ் ஆண்டுக்கணக்கில் ஊழியம் பார்த்த தன் கையால் அதை இறக்க முடியாது என்பது அவர் நிலை. கொடியை வேறொருவர் இறக்கினார். மேலதிகாரிகள் கூடிப் பேசிச் சலித்த நேரத்தில், கயிற்றின் அருகே நின்ற ஒரு சாதாரண மாலுமிக்குத் தன் கடமை தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்த ஒரு காட்சிக்காகவாவது பென்சகோலா தங்கள் தொடரில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

அதே பென்சகோலாவில், இரண்டு நாள் முன்னதாகவே, தரைப்படை லெப்டினன்ட் ஆடம் ஸ்லெம்மர் ஏறக்குறைய எண்பது பேரோடு வளைகுடா வாயிலில் உள்ள பிக்கன்ஸ் கோட்டைக்கு மாறிவிட்டார். அந்த எண்பதில் முப்பது பேர் கடற்படைத் தளத்திலிருந்து அனுப்பப்பட்ட மாலுமிகள். படகும் இழுவையும் தந்து உதவியது வையன்டாட் என்ற கப்பல். அதன் தலைவர் பெரிமன், வர்ஜீனியாக்காரர். எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதை வைத்து ஓர் அதிகாரியின் முடிவைக் கணிக்க முடியாது என்பதற்கு அவர் ஒரு சான்று. பிக்கன்ஸ் கோட்டை போர் முடியும்வரை ஒன்றியத்தின், அதாவது வட தரப்பின், கையிலேயே இருந்தது. பென்சகோலா துறைமுகம் தென்னகத்துக்குப் பயன்படாமல் போனதற்கு அந்த ஜனவரி இடமாற்றமே காரணம்.

அந்தக் கோட்டைக்கு மேலும் படை இறக்கும் விவகாரம், உள்நாட்டுப் போரின் வாசலில் நிற்கும் கடற்படை அதிகாரியின் நிலை எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டுகிறது. கோட்டையைத் தாக்காதவரை புதிய படையை இறக்குவதில்லை என்று ஜனவரி இறுதியில் இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. மார்ச் மாதத்தில் ஆட்சி மாறியபின், படையை இறக்கும்படி தரைப்படைத் தளபதியிடமிருந்து உத்தரவு வந்தது. அங்கிருந்த மூத்த கடற்படை அதிகாரியான கேப்டன் ஹென்றி ஆடம்ஸ் மறுத்தார். பழைய உடன்பாட்டை ரத்துசெய்து தன் துறையிலிருந்து உத்தரவு வரவில்லை, படையை இறக்கினால் அதுவே போரைத் தொடங்கிவைக்கும் என்பது அவர் வாதம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தில் உள்ள உத்தரவை மீறி, ஒரு நாட்டை இரண்டாக வெட்டும் முதல் செயலைத் தன் பொறுப்பில் செய்ய எத்தனை பேர் துணிவார்கள்? அவருக்குத் தெளிவான உத்தரவைக் கொண்டுசேர்க்க லெப்டினன்ட் ஜான் வோர்டன் தென் மாநிலங்கள் வழியாகவே ரயிலில் அனுப்பப்பட்டார். வழியில் சோதனை வரும் என்று அஞ்சி, உத்தரவை மனப்பாடம் செய்துகொண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார் வோர்டன். ஏப்ரல் 12 அன்று ஆடம்ஸிடம் அதை வாய்மொழியாக ஒப்பித்தார். அன்றிரவே படை கோட்டைக்குள் இறங்கியது. திரும்பும் வழியில், மறுநாளே, மாண்ட்கமெரி அருகே பிடிபட்ட அவர் ஏழு மாதம் சிறையிருந்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் மீண்டும் வரும்.

இனி கோஸ்போர்ட். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்தை அடுத்த இந்தக் கடற்படைத் தளம் நாட்டிலேயே மிகப் பெரியது. கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை, பட்டறைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகள் எல்லாம் அங்கே இருந்தன. 40 பீரங்கி தாங்கும் நீராவிக் கப்பலான மெர்ரிமேக், என்ஜின் பிரிக்கப்பட்டுப் பழுதுபார்ப்புக்காகக் கட்டிக் கிடந்தது. தளத்தலைவர் கமடோர் சார்லஸ் மெக்காலி 1809-இல் பணியில் சேர்ந்தவர். அரை நூற்றாண்டு கடற்படையில் கழித்தவர். அவரைச் சுற்றியிருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் தென்னகத்தார். புதிய கடற்படைச் செயலாளர் கிடியன் வெல்ஸ் ஏப்ரல் 10 அன்று மெக்காலிக்கு எழுதிய கடிதத்தில் கப்பல்களையும் அரசுச் சொத்தையும் காக்கும்படி சொன்னார். தேவையில்லாத பதற்றத்தை உண்டாக்கும் எதையும் செய்ய வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் சொன்னார். வர்ஜீனியா அப்போது இன்னும் பிரியவில்லை; அதைச் சீண்டிவிடக் கூடாது என்பது அரசின் கவலை. ஆனால் ஒரு முதிய அதிகாரியின் கையில் அப்படி ஒரு கடிதத்தைக் கொடுத்தால், அதன் எந்தப் பாதியை அவர் பிடித்துக்கொள்வார் என்பதை வெல்ஸ் யோசித்திருக்க வேண்டும்.

மெர்ரிமேக்கின் என்ஜினைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்று மெக்காலி தெரிவித்திருந்தார். வெல்ஸ் அதை நம்பாமல் கடற்படையின் தலைமைப் பொறியாளர் பெஞ்சமின் ஐஷர்வுட்டை அனுப்பினார். ஏப்ரல் 14 அன்று வந்து சேர்ந்த ஐஷர்வுட், ஆட்களை இரவு பகலாக முறைவைத்து வேலை வாங்கி, 17 மாலை என்ஜின் தயார் என்று கமடோரிடம் அறிவித்தார். பட்டறை பட்டறையாகக் கிடந்த உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, ஒரு பெரிய கப்பலின் என்ஜினை மூன்று நாளில் பூட்டி முடிப்பது என்றால் என்ன என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். கொதிகலனும் அப்படித்தான். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நெருப்பை வைத்தவுடன் நீராவி வந்துவிடாது. தகடுகள் சீராகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டுக் கரியை அள்ளிப் போட்டால் இணைப்புகள் விட்டுக் கசியும். நாங்கள் புறப்பட வேண்டிய நேரத்துக்கு முந்தைய நாளே நெருப்பு மூட்டத் தொடங்குவோம். அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்தபடியே இரவு கழியும். ஐஷர்வுட் அன்று மாலையே நெருப்பு மூட்ட அனுமதி கேட்டார். காலையில் மூட்டினால் போதும் என்றார் மெக்காலி. 18 காலை நெருப்பு மூட்டப்பட்டது. கப்பல் கட்டிய இடத்திலேயே என்ஜின் சுழன்றது. கயிற்றை அவிழ்த்தால் புறப்படலாம் என்ற நிலை. இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் கமடோர். பிற்பகலில், நெருப்பை அணைத்துவிடும்படி சொன்னார்.

நெருப்பை அணைக்கச் சொல்லும் அந்த உத்தரவை ஐஷர்வுட் கேட்டு நின்ற கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கப்பலைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோக அனுப்பப்பட்டிருந்த கமாண்டர் ஜேம்ஸ் ஆல்டன் உடனிருந்தும், தளத்தலைவரின் சொல்லை மீறத் துணியவில்லை. வர்ஜீனியா மாநாடு பிரிவினைக்கு வாக்களித்தது முந்தைய நாள்தான். கால்வாயை அடைக்க எதிர்த்தரப்பு படகுகளை மூழ்கடித்திருந்தது உண்மை. ஆனால் கம்பர்லண்ட் என்ற பாய்மரக் கப்பலை மூன்று நாள் கழித்து அதே தடைகளைத் தாண்டி இழுத்துச் சென்றார்களே! பீரங்கி ஏற்றாமல் இலகுவாக மிதந்த மெர்ரிமேக் 18-ஆம் தேதியே போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நார்ஃபோக்கில் ரயில்வேத் தலைவர் வில்லியம் மகோன், ரயில்களை விசிலூதியபடி ஊருக்குள்ளும் வெளியிலும் ஓட்டி, பெரும் படை வந்து இறங்குவதுபோலத் தோற்றம் காட்டினார். தளத்தில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள். ஏப்ரல் 20 அன்று கப்பல்களின் அடிப்பாகத்தில் துளையிட்டு மூழ்கடிக்கும்படி மெக்காலி உத்தரவிட்டார். அன்றிரவு கமடோர் ஹிராம் பால்டிங், பானி என்ற கப்பலில் உதவிக்கு வந்தபோது மெர்ரிமேக் உள்படப் பல கப்பல்கள் மூழ்கத் தொடங்கியிருந்தன. எஞ்சியதை எரித்துவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. 21 விடியற்காலையில் தீ வைக்கப்பட்டது. அவசரத்தில் வைத்த தீ. உலர்துறையைத் தகர்க்க வைத்த வெடிமருந்து வெடிக்கவில்லை. பீரங்கிகள் பெரும்பாலும் சேதமின்றி எதிரியின் கைக்குப் போயின. தென்னகத்தின் கரையோரக் கோட்டைகளிலும் ஆற்றங்கரை அரண்களிலும் பின்னர் முழங்கியவற்றில் பல, கோஸ்போர்ட்டில் விட்டுவந்த பீரங்கிகளே.

மெர்ரிமேக் நீர்மட்டம்வரை எரிந்தது. கீழ்ப்பாகமும் என்ஜினும் தண்ணீருக்குள் இருந்ததால் தப்பின. அதைத் தூக்கி, இரும்புக்கவசம் போர்த்தி, வர்ஜீனியா என்று பெயர் மாற்றிக் கடலில் இறக்கினார்கள். அதன் தலைமைப் பொறியாளராக அமர்ந்த ஆஷ்டன் ராம்சே, முன்பு அதே மெர்ரிமேக்கின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். 1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் அது முட்டி மூழ்கடித்த முதல் கப்பல் எது தெரியுமா? கோஸ்போர்ட்டிலிருந்து காப்பாற்றி இழுத்து வந்த அதே கம்பர்லண்ட். நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதோடு போனார்கள். அடுத்த நாள் வர்ஜீனியா கப்பலை எதிர்கொண்ட மானிட்டர் என்ற கவசக்கப்பலின் தலைவர், சிறையிலிருந்து மீண்டு வந்த ஜான் வோர்டன்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், தங்கள் கட்டுரையாளர் பயன்படுத்திய 'துரோகிகள்' என்ற சொல். அந்தச் சொல்லை எல்லோர்மீதும் ஒரே அளவில் பூசுவது நியாயமாகாது. அதிகாரிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் விலகினார். மாநிலம் பிரிந்ததும் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சீருடையைக் கழற்றிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த அமைப்பைக் காக்கப் போனார்கள் என்பதை, அதாவது மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் அடிமை முறையை, நான் மறக்கவில்லை. அந்த முடிவு தவறு என்றே கருதுகிறேன். என்றாலும் அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. சீருடையை அணிந்துகொண்டு, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, கப்பலை அனுப்பாதீர்கள் என்று முதிய கமடோரின் காதில் ஓதிவிட்டு, மாநிலம் பிரிந்ததும் தளத்தைவிட்டு நடந்தவர்கள் வேறு வகை. அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இவர்களே.

கேப்டன் ஃபிராங்க்ளின் புக்கனன் இந்த இரு வகையிலும் அடங்காதவர். அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியின் முதல் தலைவர். 1861-இல் வாஷிங்டன் தளத்தின் தலைவர். ஏப்ரல் தொடக்கத்தில் நடந்த அவர் மகளின் திருமணத்துக்கு லிங்கனே வந்திருந்தார். தன் சொந்த மாநிலமான மேரிலாந்தும் பிரியப்போகிறது என்று நம்பி ஏப்ரல் 22 அன்று விலகினார். மேரிலாந்து பிரியவில்லை. விலகலைத் திரும்பப் பெற அவர் கேட்டபோது வெல்ஸ் மறுத்து, பணிநீக்கப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார். சில மாதங்களில் புக்கனன் தென்னகக் கடற்படையில் சேர்ந்தார். மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் வர்ஜீனியா கப்பலின் தலைவர் அவர்தான். அன்று அவர் குண்டுமழை பொழிந்து எரித்த காங்கிரஸ் என்ற கப்பலில் அவருடைய உடன்பிறந்தவர் மெக்கீன் புக்கனன் சம்பளக் கணக்கு அதிகாரியாக இருந்தார்.

டேவிட் ஃபாரகட் என்ற கடற்படை அதிகாரி டென்னசியில் பிறந்தவர். நார்ஃபோக்கில் பெண் எடுத்து அங்கேயே குடியிருந்தவர். வர்ஜீனியா பிரிந்த செய்தி வந்த ஏப்ரல் 18 அன்றே, மனைவி மக்களோடு ஊரைவிட்டுக் கிளம்பி நியூயார்க் மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் என்ற சிற்றூரில் போய்த் தங்கினார். மெர்ரிமேக்கின் நெருப்பு அணைக்கப்பட்ட அதே நாள் அது. மனத்தை முன்பே தயார்செய்து வைத்திருந்தவருக்குத்தான் ஒரே நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடியும். இருந்தும் தென்னகத்தார் என்ற ஐயத்தால் பல மாதங்கள் அவருக்குக் கப்பல் தரப்படவில்லை. பிறகு 1862 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்தார். 1864 ஆகஸ்ட் 5 அன்று மொபைல் விரிகுடாவில் அவரிடம் சரணடைந்த கவசக்கப்பலின் பெயர் டென்னசி. அதில் இருந்த அட்மிரல், புக்கனன். ஃபாரகட்டின் கொடிக்கப்பலை, அதாவது அவர் ஏறிச்சென்ற தலைமைக் கப்பலை, நடத்திய பெர்சிவல் டிரேட்டன், தென் கரோலினாக்காரர். தென்னகத் தளபதியாக இருந்த சொந்த அண்ணன் தாமஸ் டிரேட்டனுக்கு எதிராக 1861 நவம்பரிலேயே போர்ட் ராயலில் போரிட்டவர்.

தயாரிப்பு என்ற பெயரில் நடந்த குழப்பத்தையும் மறைக்கக் கூடாது. சம்டர் கோட்டைக்கு உதவிப் பயணம் போக இருந்த பொஹாட்டன் என்ற வலிமையான கப்பலை, வெல்ஸுக்குத் தெரியாமல் லிங்கனிடம் கையெழுத்து வாங்கி, லெப்டினன்ட் டேவிட் டிக்சன் போர்ட்டர் பென்சகோலாவுக்கு ஓட்டிச் சென்றுவிட்டார். அதே நாளில் கையெழுத்தான மற்றொரு தாள், அதிகாரிகளை எந்தக் கப்பலுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் அலுவலகத்தை சாமுவேல் பாரன் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. வெல்ஸ் அன்றிரவே லிங்கனிடம் ஓடிப்போய் அதை ரத்து செய்யவைத்தார். பாரன் சில வாரங்களில் தென்னகக் கடற்படையில் இருந்தார். அந்தத் தாள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

இந்தப் போரின் முற்றுகையால் தென்னகப் பருத்தி இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றபோது, எங்கள் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறை வழியாகப் பொதி பொதியாகக் கப்பலேறியது. எங்கோ நடந்த போர் என்று நாங்கள் ஒதுக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. 'ஒரே இரவில்' என்ற சொல்லைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். அடுத்த பகுதிகளில் ஒன்றைக் கோஸ்போர்ட்டுக்கும் பென்சகோலாவுக்கும் ஒதுக்குங்கள். அதில் தளபதிகளின் பெயர்களோடு, மூன்று நாளில் என்ஜினைப் பூட்டி முடித்த ஐஷர்வுட்டின் பெயரும், கொடிக்கயிற்றைத் தொட மறுத்த வில்லியம் கான்வேயின் பெயரும் அச்சேற வேண்டும். 1861 ஜூலை 4 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் லிங்கன், இத்தனை அதிகாரிகள் விலகியும் ஒரு சாதாரணப் படைவீரனோ மாலுமியோ கொடியை விட்டு ஓடியதாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்டார். அந்த வரியையும் கட்டுரையாளர் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.